நூறாவது தோள்

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, சிக்னல்காரரைச் சுற்றி ஐந்து பேர் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிழைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். பிழைத்ததற்கு யாரும் கைதட்டவில்லை. ஐவரில் ஒருவர் கையில் ஸ்கேல் இருந்தது.

"மூணு சென்டிமீட்டர் சார்! போன கேஸைவிட ரெண்டு மில்லிமீட்டர் கம்மி!"

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அது ஆனந்தக் கண்ணீர் என்று நர்ஸ் ஒருத்தி பிறகு சொன்னாள்.

"என் கை எப்படி இருக்கு டாக்டர்?" என்று சிக்னல்காரர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியொரு கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை என்பது அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"தழும்பு பிரமாதம்," என்றார் தலைமை டாக்டர்.

கையைப் பற்றிச் சிக்னல்காரர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக அவருக்குக் கைதான் வாய். கிரேன் ஓட்டுகிறவர் எட்டாத உயரத்தில் கூண்டுக்குள் இருப்பார். கொக்கியில் தொங்குகிற சுமை அவருடைய கண்ணை மறைக்கும்; இரைச்சல் காதை அடைக்கும். கீழே நிற்கிற சிக்னல்காரரின் கைகளை மட்டும் பார்த்து அவர் கிரேனை ஓட்ட வேண்டும். ஒரு கை உயர்ந்தால், தூக்கு. ஒரு கை தரையைக் காட்டினால், இறக்கு. இரண்டு கைகளும் தலைக்கு மேலே போனால், நிறுத்து. ‘தூக்கு’க்குப் பிறகு ‘நிறுத்து’ வராமல் வேறு எந்தச் சைகை வந்தாலும் கிரேன்காரர் அதை மதிக்கக் கூடாது. இது எழுதப்பட்ட விதி. ரத்தம் பார்த்து எழுதிய விதி.

அப்படிப்பட்டவர் ஒரு மழை நாளில் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்தார். வலது தோள் மூன்று துண்டு.

"எங்க ஆஸ்பத்திரிக்கே வாங்க அத்தான்," என்று அன்றைக்கே ஓடி வந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. அந்த ஆஸ்பத்திரியில் அவன் விளைவு அலுவலர். ஆபரேஷன் முடிந்தவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்று பதிவு செய்கிற உத்தியோகம். "கிழிச்சுத் தொறக்கிறதெல்லாம் பழைய காலம். சின்னத் துளை போட்டு, அது வழியாப் பிளேட்டை உள்ளே சொருகி, ஸ்க்ரூ போட்டு முறுக்கிடுவாங்க. தொண்ணூத்தொன்பது தோள் முடிஞ்சிருக்கு. ஒரு சிக்கல்கூடக் கிடையாது. எங்க நோட்டுல பூஜ்ஜியம்!"

"அந்த நோட்டை எழுதுறது யாரு மாப்ள?"

"நான்தான்."

சொந்த மைத்துனன் கையில் நோட்டு இருக்கிறதே என்று சிக்னல்காரருக்கு அன்றைக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது மாதம் வந்தது. தழும்பு மங்கி, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கை மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. அதற்கு மேல் தூக்கினால் தோளுக்குள்ளே மரத்தில் உளி போகிறதுபோல ‘கறுக்’ என்றது. உயிர் போய் உயிர் வந்தது. தோளின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போய், கிள்ளினால் உறைக்கவில்லை. மனைவிதான் சட்டை மாட்டிவிட்டாள், வலது கையை முதலில் நுழைத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல.

எக்ஸ்ரே எடுப்பவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு ஸ்க்ரூ எலும்பைத் தாண்டி மூட்டுக்குள்ள எட்டிப் பாக்குதுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவர் சொன்னதாகச் சொல்லாமல் சிக்னல்காரர் தலைமை டாக்டரிடம் படத்தைக் கொடுத்தார். தலைமை டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை, தழும்பைப் பார்த்தார்.

"உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன்," என்று ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல தோளைப் பெருசாத் திறப்பாங்க. எல்லாமே கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் அவங்களுக்கு அத்தனை சிக்கல். நாங்க போடுறது மூணு சென்டிமீட்டர். உள்ளே என்ன நடக்குதுன்னு எங்களுக்கே தெரியாது. தெரியாத இடத்துல சிக்கல் எப்படிய்யா வரும்?"

"அந்த ஸ்க்ரூவை மட்டும் எடுத்துடுங்களேன் டாக்டர்."

"எடுக்கணும்னா இன்னொரு ஆபரேஷன் செய்யணும். அதுக்கு முதல்ல சிக்கல்னு ஒண்ணு இருக்கணும். எங்க ஆஸ்பத்திரியிலதான் சிக்கலே கிடையாதே! இல்லாத ஒண்ணுக்கு ஆபரேஷன் பண்றது மருத்துவ தர்மத்துக்கு விரோதம்."

ஆனாலும் அவர் நியாயஸ்தர். விஷயத்தைச் சிக்கல் தீர்மானக் குழுவுக்கு அனுப்பினார். குழுவில் மூன்று பேர். தலைவர், தலைமை டாக்டர். உறுப்பினர், ஸ்கேல்காரர். செயலாளர், மைத்துனன்.

சிக்னல்காரரை வாசலில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு, தீர்மானத்தை மைத்துனன் நின்றுகொண்டு வாசித்தான்.

"ஸ்க்ரூ வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த எலும்புதான் அமுங்கிப் பின்வாங்கியிருக்கிறது. ஸ்க்ரூ ஆஸ்பத்திரியுடையது. எலும்பு நோயாளியுடையது. எலும்பின் நடத்தைக்கு ஆஸ்பத்திரி பொறுப்பாகாது."

"மரத்துப் போயிருக்கே, அது?"

மைத்துனன் பக்கத்தைப் புரட்டினான். "மரத்துப்போன இடத்தில் வலி தெரியாது. எனவே, வலி குறைந்தது என்று பதிவு செய்யப்படுகிறது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சிக்னல்காரர் கேள்விப்பட்டிருந்தார். தன் தோளுக்குள் இருக்கிற ஸ்க்ரூவை நோட்டில் மறைத்ததை இப்போதுதான் பார்த்தார். வெளியே வந்ததும் மைத்துனன் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"குழுவுல அப்படித்தான் அத்தான் பேசணும். நான் உள்ள இருக்கேன்ல? பாத்துக்கிறேன்."

அவர் நம்பினார். பெண் எடுத்த வீட்டுப் பையனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஆறாவது மாதம் மைத்துனன் கேள்வித்தாளோடு வீட்டுக்கே வந்தான்.

"முதல் கேள்வி. பாதிக்கப்பட்ட கையால தலை சீவ முடியுதா?"

சிக்னல்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். இடது கையால்தான். "எங்கடா சீவறது?"

"தலை சீவுவதில் சிரமம் இல்லை," என்று மைத்துனன் எழுதினான். "ரெண்டாவது. மேல் அலமாரியிலேர்ந்து ஒரு டப்பாவை எடுக்க முடியுதா?"

"எல்லாத்தையும் உங்கக்கா கீழ எடுத்து வெச்சுட்டா."

"சிரமம் இல்லை. மூணாவது. அடிபட்ட பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கறப்போ வலிக்குதா?"

"அந்தப் பக்கம் படுத்தே ஆறு மாசம் ஆச்சு."

"ஆறு மாதமாக வலி இல்லை."

"என்ன தம்பி இது?" என்று உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "ராத்திரியெல்லாம் அந்த மனுஷன் உக்காந்துக்கிட்டேதான் தூங்குறார். அதுக்கு ஒரு கட்டம் இல்லையா உன் பேப்பர்ல?"

"உக்கார முடியுதான்னு கேள்வியே இல்லக்கா. இருந்தா அதுக்கும் முழு மார்க்."

மொத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"ரெண்டு மார்க்கை எதுக்குக் குறைச்சே?"

"நூத்துக்கு நூறுன்னா யாரும் நம்ப மாட்டாங்க அத்தான்."

அடுத்தது கோணம். கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று போட்டோ எடுத்து ஒட்ட வேண்டும். சிக்னல்காரர் சுவரோரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். அறுபது டிகிரி.

"இப்படியே இடது பக்கமாச் சாயுங்க."

சாய்ந்தார்.

"இன்னும் கொஞ்சம். விழுந்துடாதீங்க. அக்கா, அவர் இடுப்பைப் பிடிச்சுக்க. படத்துல தெரியாம."

உடம்பு சாயச் சாய, கை வானத்தைப் பார்த்து உயர்ந்தது. நகராமலே உயர்ந்தது. தரையிலிருந்து அளந்தால் நூறு டிகிரி. மனைவியின் கையையும் பின்னணிச் சுவரையும் வெட்டிவிட்டு, தோளும் கையும் மட்டும் இருந்த துண்டை இன்னும் கொஞ்சம் திருப்பி ஒட்டியதும் நூற்றைம்பது ஆனது. கீழே ஒரு வார்த்தை: அபாரம்.

அந்தப் பேப்பரின் நகல் ஒன்று துறைமுகத்துக்குப் போனது. மேலதிகாரி சிக்னல்காரரைக் கூப்பிட்டார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து பழையபடி கிரேனடியில சிக்னல் கொடுக்க வந்துடுங்க."

"கை தூக்க வரலீங்க. இங்க பாருங்க." அறுபது டிகிரியில் கை நின்றது. "நான் ‘நிறுத்து’ன்னு காட்டினா ஒரு கைதான் மேல போகும். ஒரு கைன்னா தூக்குன்னு அர்த்தம். எவனாவது நசுங்கிச் சாவான் சார். அந்த ஸ்க்ரூவை எடுக்கறவரைக்கும் கிடங்குல கணக்கெடுக்கிற வேலையாவது குடுங்க."

அதிகாரி பேப்பரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"நூத்தைம்பதுன்னு போட்டிருக்கே. சிக்கல்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, உடனே மாத்தித் தர்றேன். இல்லேன்னா கிரேனடி. ரெண்டும் இல்லேன்னா வீடு."

ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி மைத்துனனின் பேனாவுக்குள் இருந்தது. சிக்னல்காரர் அதைக் கேட்டு அன்றே அவனிடம் போனார்.

மைத்துனன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அத்தான், எங்க பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். நீங்க எங்களோட நூறாவது தோள். வர்ற வாரம் புது பிளாக் திறக்கிறோம். வெளியூர் டாக்டர்களெல்லாம் வர்றாங்க. ‘சிக்கல் பூஜ்ஜியம்’னு ஆள் உயர எழுத்துல பெயர்ப்பலகை. உங்க துறைமுகத்துலேர்ந்தே கிரேன் வருது. அதை மேல ஏத்தறதுக்குச் சிக்னல் கொடுக்கப் போறது யாரு? நீங்க!"

"நானா?"

"நூறாவது தோள் தூக்குற நூறாவது வெற்றி! இது பெரியவரோட யோசனை. விழா முடிஞ்ச மறுநாள் புது பிளாக்குக்குப் புது நோட்டு. அதுல முதல் சிக்கலா உங்களை எழுதிடறேன். சத்தமில்லாம ஸ்க்ரூவை எடுத்துடலாம். அக்கா மேல சத்தியம்."

"டேய், கூறு கெட்டவனே. ‘தூக்கு’ன்னு இடது கையால காட்டிடுவேன். ‘நிறுத்து’ எப்படிக் காட்டுறது?"

மைத்துனன் அவருடைய தோளில், மரத்துப்போன இடத்தில், கை வைத்தான். சிக்னல்காரருக்கு அது தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"உங்களுக்குப் பின்னாடி பேனர் மறைவுல நான் நிக்கிறேன். நீங்க ‘மாப்ள’ன்னா போதும். முழங்கையைப் பிடிச்சு அப்படியே மேல தூக்கிடறேன். நான் இருக்கறப்போ என்ன பயம்?"

விழாவன்று சிக்னல்காரர் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்தார். தொங்குகிற சுமைக்கு அடியில் ஆள் நிற்கக் கூடாது. இது அவருடைய தொழிலில் முதல் பாடம். பலகைக்குக் கீழே கயிறு கட்டி, வட்டத்துக்குள் இருந்த நாற்காலிகளை எல்லாம் தூக்கச் சொல்லி, பூந்தொட்டி வைக்க வந்தவனையும் விரட்டினார். பலகை நான்காவது மாடியில் நிற்க வேண்டும். அதற்கு நேர் மேலே, ஐந்தாவது மாடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தலைமை டாக்டரின் புதுக் கண்ணாடி அறை. உள்ளே யாரும் இல்லை என்பதையும் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மேடையில் தலைமை டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! நோயாளிகள் எங்களிடம் கேட்கிறார்கள், கை தூக்க முடியுமா என்று. நான் அவர்களைக் கேட்கிறேன், தழும்பைக் கண்டுபிடிக்க முடியுமா என்று! கை என்பது எல்லோரிடமும் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் தழும்பு எத்தனை பேரிடம் இருக்கிறது? நாங்கள் சிக்கலை ஒழித்துவிட்டோம். எப்படி ஒழித்தோம்? ஆரம்பத்தில் எங்களுக்கும் சிக்கல்கள் இருந்தன. தைரியமாக ஒரு முடிவு எடுத்தோம். அவற்றை எழுதுவதை நிறுத்தினோம். மறுநாளே புள்ளிவிவரம் தலைநிமிர்ந்தது!"

கைதட்டல் வானைப் பிளந்தது. சிக்னல்காரர் மேடையின் ஓரத்தில் கிரேனைப் பார்த்து நின்றார். பின்னால் பேனர் அசைந்தது. மைத்துனனின் செருப்பு நுனி தெரிந்தது. அவருக்குத் தெம்பு வந்தது.

இடது கை உயர்ந்தது. தூக்கு.

பலகை தரையை விட்டுக் கிளம்பியது. முதல் மாடி. இரண்டாவது மாடி. பாண்டு வாத்தியம் முழங்கியது. பலகை போகப் போக, கிரேன்காரருக்குக் கட்டிடமே தெரியவில்லை. தெரிந்தது சிக்னல்காரரின் கை மட்டும். மூன்றாவது மாடி.

"மாப்ள," என்றார் சிக்னல்காரர்.

பேனர் அசையவில்லை.

"மாப்ள! நாலாவது மாடி வந்துடுச்சு!"

இடது கையைத் தலைக்கு மேலே நிறுத்தி, வலது கையைத் தன் பலத்தில் உந்தினார். அறுபது. தோளுக்குள் ‘கறுக்’ என்றது. கண்ணில் பூச்சி பறந்தது. அறுபதுக்கு மேல் ஒரு டிகிரிகூட இல்லை. கிரேன்காரர் பார்த்தது ஒரு கையை. ஒரு கை என்றால், தூக்கு. விதி தவறாத மனிதர், தூக்கினார்.

"மாப்ள, கையைப் பிடிடா!"

பேனர் விலகியது. மைத்துனன் வெளியே வந்தான். அதே நொடியில் கேமராக்கள் எல்லாம் மேடைப் பக்கம் திரும்பின. தலைமை டாக்டர் மைத்துனனைப் பார்த்தார். வெறும் பார்வைதான். நூறாவது தோளை நாலு பேர் பார்க்க இன்னொருவன் பிடித்துத் தூக்கினால் அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பார்வை கேட்டது.

மைத்துனனின் கைகள் அத்தானின் முழங்கையை நோக்கி ஒரு சாண் நீண்டன. அந்தரத்தில் நின்றன. பிறகு ஒன்றையொன்று சந்தித்தன.

கைதட்டினான்.

அவன் கைதட்டுவதைப் பார்த்துச் சபையே எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தத்தில்தான் பலகை ஐந்தாவது மாடிக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தது. கண்ணாடி மழை கயிறு கட்டிய வட்டத்துக்குள் கொட்டியது. பலகை உத்தரத்தில் சிக்கி, கிரேன் அபாயமணி அடித்துத் தானாகவே நின்றது. யார்மீதும் ஒரு கீறல்கூட இல்லை. கயிறு கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

பழக்கதோஷத்தில் ஸ்கேல்காரர் மேலே ஓடிப்போய் அளந்தார். "மூணு... மீட்டர் சார்," என்று உடைந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்.

பத்து நாளில் துறைமுக அலுவலகத்தில் விசாரணை. மூன்று துறைமுக அதிகாரிகள். ஆஸ்பத்திரி சார்பில் தலைமை டாக்டர், மைத்துனன். ஐந்து பேர் குழு. குற்றச்சாட்டு: சைகை கொடுக்க வேண்டிய நேரத்தில் ஊழியர் வலது கையைத் தூக்க மறுத்தார்.

"மறுக்கலீங்க. முடியல," என்றார் சிக்னல்காரர்.

"முடியும்னு பேப்பர் சொல்லுதே. நூத்தைம்பது டிகிரி. முடியறவன் தூக்கலேன்னா அதுக்குப் பேரு மறுப்புதான்."

"இப்பவே என் கையைத் தூக்கிப் பாருங்க சார். உங்க கண்ணு முன்னாடியே..."

"அது ஆஸ்பத்திரி வேலை. நாங்க பேப்பரை மட்டும்தான் பார்க்கணும்."

தலைமை டாக்டர் எழுந்தார். குரலில் கோபம் இல்லை. பெற்ற பிள்ளை கைவிட்ட தகப்பனின் துயரம்தான் இருந்தது.

"தூக்குற திறனை நாங்க கொடுத்தோம். தூக்குற மனசை எந்த ஸ்க்ரூவாலயும் கொடுக்க முடியாது. ஆனாலும் எங்க பதிவுல இவரைச் சிக்கல்னு எழுத மாட்டோம். அவ்வளவு பெருந்தன்மை எங்களுக்கு உண்டு."

சிக்னல்காரர் மைத்துனனைப் பார்த்தார். "மாப்ள. நீ ஒரு வார்த்தை சொல்லு. படம் எப்படி எடுத்தேன்னு சொல்லு. எதுக்குப் பேனருக்குப் பின்னாடி நின்னேன்னு சொல்லு. போதும்."

மைத்துனன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவின் மூடியைத் திறந்தான். மூடினான்.

"இவரை வேலையிலிருந்து நீக்க ஒப்புக்கொள்பவர்கள் வலது கையைத் தூக்கலாம்," என்றார் மேலதிகாரி.

சிக்னல்காரர் வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். சட்டையைக் கழற்ற உதவினாள். முதலில் இடது கை, பிறகு மெல்ல வலது கை. கேட்கலாமா வேண்டாமா என்று சட்டையை மடித்தாள், உதறினாள், திரும்பவும் மடித்தாள்.

"தம்பி உங்களுக்காகப் பேசினானா?"

"பேசல."

"ஒண்ணுமேவா செய்யல?"

"கை தூக்கினான்."

அவள் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு?" என்று கேட்டாள்.

"நூத்தி எண்பது," என்றார் சிக்னல்காரர். "காதை ஒட்டி. ஒரு பக்கமும் சாயல."